வீடற்றோரின் தோழி புனித அன்னை தெரேசா

யூபிலி என்றதும் கொடியேற்றம், தேர்பவனி, கூட்டுத் திருப்பலி, மேளதாளம், அன்னதானம் எல்லாம் நம் நினைவுக்கு வருகின்றன. அவை யாவும் நல்லவையே, வேண்டியவையே. ஆயினும் மறைநூலில் யூபிலியைப் பற்றிச் சொல்லும் இடத்தை எடுத்துப் பார்ப்போமானால், அங்கே நாம் காண்பது வேறொன்று. லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தில், ஐம்பதாம் ஆண்டு வந்ததும் நாடெங்கும் எக்காளம் ஊத வேண்டும் என்று இறைவன் கட்டளையிடுகிறார். வறுமையால் நிலத்தை விற்றவன் தன் நிலத்துக்கும், தன்னையே விற்றுக்கொண்டவன் தன் குடும்பத்துக்கும் திரும்பிப் போக வேண்டும் என்கிறார். ஆக, யூபிலி என்பது தொடக்கத்திலேயே வீடு இழந்தோர் வீடு திரும்பும் விழாவாக இருந்திருக்கிறது.

ஆகவே நமது பங்கின் யூபிலி மலரிலே, வீடற்றோரைத் தம் வீட்டாராகவே கொண்டு வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை எழுதுவது பொருத்தம் என்று எண்ணினோம். அவர் நம் பாரத நாட்டிலேயே வாழ்ந்து, இம்மண்ணிலேயே அடக்கமானவர். நம் புதுச்சேரி அரசின் மருத்துவ அறிவியல் கல்வி நிறுவனம் ஒன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர்தாம் கல்கத்தா நகரின் புனித அன்னை தெரேசா. அவரது பெயரை அறியாதார் நம்மில் இல்லை. ஆனால் பெயரை அறிந்த அளவுக்கு அவர் நடந்த வழியை அறிந்திருக்கிறோமா என்பதை இங்கே சற்று எண்ணிப் பார்ப்போம்.

இளமையும் அழைப்பும்

1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள், அந்நாளில் துருக்கியர் ஆட்சியில் இருந்த ஸ்கோப்யே நகரில் ஓர் அல்பேனியக் கத்தோலிக்கக் குடும்பத்தில் அவர் பிறந்தார். அந்நகர் இன்று வடக்கு மாசிடோனியா நாட்டின் தலைநகர். ஆக்னஸ் கோன்ஜா என்பது அவருக்கு இட்ட பெயர். தந்தையார் நிக்கோலா வியாபாரி, வசதியான குடும்பம். ஆனால் ஆக்னசுக்கு எட்டு வயதாகும்போது தந்தை திடீரென்று இறந்துபோனார். தாயார் டிரானா துணி தைத்தும், பூவேலை செய்து விற்றும் மூன்று பிள்ளைகளை வளர்த்தார்.

அந்த வறுமையிலும் தாயாரின் சாப்பாட்டு மேசையில் யாராவது ஓர் ஏழை உட்கார்ந்திருப்பது வழக்கம். அவர்கள் யார் என்று பிள்ளைகள் கேட்டால், உறவினர் என்றே தாயார் பதில் கூறுவாராம். பிச்சைக்காரர் என்றோ, பாவப்பட்டவர் என்றோ அவர் சொல்லவில்லை. அந்த ஒரு பாடம் மகளின் மனத்தில் வாழ்நாள் முழுதும் தங்கிவிட்டது. பிற்காலத்தில் உலகம் கண்டு வியந்த பணிக்கு வித்து அந்தச் சிறிய வீட்டின் மேசையிலே விழுந்தது என்று நாம் துணிந்து சொல்லலாம்.

வங்காளத்துக்குச் சென்றிருந்த யுகோஸ்லாவிய நாட்டுச் சேசு சபைக் குருக்கள் எழுதிய கடிதங்களைக் கேட்டு, ஆக்னசின் உள்ளம் இந்தியாவை நாடியது. பதினெட்டு வயதில், 1928-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அவர் தாய்வீட்டை விட்டுப் புறப்பட்டு அயர்லாந்து சென்று லொரேட்டோ கன்னியர் சபையில் சேர்ந்தார். அதன்பின் அவர் தம் தாயாரைக் காணவே இல்லை. அல்பேனியாவின் நாத்திக ஆட்சி தாயை வெளியே விடவில்லை. 1972-இல் தாயார் அங்கேயே இறந்தார். வீடற்றோருக்குத் தாயானவர், தாம் முதலில் வீட்டை இழந்தவராகவே இருந்தார்.

சென்னைத் தெருவில் கண்ட காட்சி

அயர்லாந்தில் சில வாரங்களே தங்கி ஆங்கிலம் படித்தபின், 1928 டிசம்பரில் அவர் கப்பல் ஏறினார். அந்தக் கப்பல் நேராகக் கல்கத்தா போகவில்லை. முதலில் கொழும்பு, அடுத்து நம் சென்னை. இதை நம் மக்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இந்திய மண்ணில் தெருவோர வாழ்க்கையை அந்தப் பெண் முதன்முதலாகக் கண்டது தமிழ் நிலத்திலேதான்!

தம் ஊர்க் கத்தோலிக்கப் பத்திரிகைக்கு அவர் எழுதி அனுப்பிய பயணக் கட்டுரையில் அந்தக் காட்சியை விவரித்திருக்கிறார். குடும்பம் குடும்பமாக மக்கள் தெருவோரத்திலும், மதில் ஓரத்திலும், வெட்டவெளியிலே இரவும் பகலும் வாழ்வதையும், ஓலைப் பாயிலோ வெறுந்தரையிலோ படுத்துக் கிடப்பதையும், உடுத்த ஆடைகூட இன்றி இருப்பதையும் கண்டு திகைத்துப்போனார். ஐரோப்பாவின் ஏழைகள் இதைப் பார்த்தால் தங்கள் குறையைச் சொல்வதையே விட்டுவிட்டு, நாம் இவ்வளவு நன்றாக இருக்கிறோமே என்று இறைவனுக்கு நன்றி கூறுவார்கள் என்ற கருத்தில் எழுதினார்.

அன்று அவர் கண்டது பார்வையாளராகத்தான். பார்த்தார், இரங்கினார், கப்பல் ஏறிப் போய்விட்டார். 1929 ஜனவரி 6-ஆம் நாள், மூவரசர் திருநாளன்று கல்கத்தா போய்ச் சேர்ந்தார். இரக்கம் வேறு, நட்பு வேறு. இரக்கத்திலிருந்து நட்புக்கு வந்து சேர அவருக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. அந்த இருபது ஆண்டு வழியைத்தான் நாம் கருத்தாகப் பார்க்க வேண்டும்.

மதிலுக்கு உள்ளும் புறமும்

டார்ஜிலிங்கில் நவகன்னியாகப் பயிற்சி பெற்று, 1931 மே 24-ஆம் நாள் அவர் முதல் வார்த்தைப்பாடு கொடுத்தார். லிசியே நகரின் குழந்தை தெரேசாளைப் பாதுகாவலியாகக் கொண்டு தெரேசா என்ற பெயரை ஏற்றார். கல்கத்தா எண்டாலிப் பகுதியில் இருந்த புனித மரியாள் பள்ளியில் வங்காள மொழியில் பூகோளமும் சரித்திரமும் கற்பித்தார். 1944-இல் அப்பள்ளியின் தலைமையாசிரியை ஆனார். பிள்ளைகளுக்கு அவர்மீது மிகுந்த பாசம். மடத்திலே மரங்களும் புல்வெளியும் உண்டு. ஒழுங்கும் அமைதியும் உண்டு. மடத்து மதிலுக்கு அப்பால் மோதிஜீல் என்ற சேரி. முத்துக் குளம் என்று அதற்குப் பொருள்; அங்கே இருந்ததோ அழுக்குக் குட்டையும், அதைச் சுற்றிக் குடிசைகளுமே.

அந்த ஆண்டுகளில் வங்காளம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி வருவது நின்றது. கடலோரத்துப் படகுகளை அரசாங்கமே பறிமுதல் செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் மேதினிபுரிப் பகுதியைப் பெரும் புயல் தாக்கியது. பதுக்கலும் விலையேற்றமும் சேர்ந்துகொள்ள, 1943-இல் பெரும் பஞ்சம் வந்தது. அதில் மாண்டவர் சுமார் 30 லட்சம் பேர் என்று கணக்கிடுகிறார்கள். கிராமத்து உழவர்களும் மீனவர்களும் கஞ்சிக்காகக் கல்கத்தாவுக்கு நடந்து வந்து, அதன் நடைபாதைகளிலேயே விழுந்து இறந்தார்கள். 1946 ஆகஸ்டு 16-ஆம் நாள் மூண்ட கலவரத்தில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். 1947-இல் நாடு பிரிந்ததும் கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் வந்து குவிந்தனர். சியால்டா இரயில் நிலையத்துப் பிளாட்பாரத்திலேயே குடும்பங்கள் அடுப்பு மூட்டிச் சமைத்து, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே இறந்தன. கல்கத்தாவின் வீடற்றோர் சோம்பேறிகளாய் இருந்து தெருவுக்கு வந்தவர்கள் அல்லர் என்பதை இதிலிருந்து அறிந்துகொள்கிறோம். பஞ்சமும் புயலும் பகையும் அவர்களைத் தெருவில் தள்ளின.

1946-ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது பள்ளியில் சுமார் முந்நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு இல்லை. தெரேசா மடத்து விதியையும் மீறி வெளியே சென்றார். தெருவெல்லாம் பிணங்கள். ஒரு லாரியில் வந்த இராணுவத்தினர் அவரை எச்சரித்துத் திருப்பி அழைத்து வந்து, அரிசி மூட்டைகளையும் இறக்கிவிட்டுப் போனார்கள். அதற்கு அடுத்த மாதம், செப்டம்பர் 10-ஆம் நாள், தியானத்துக்காக டார்ஜிலிங் செல்லும் இரயிலில், மடத்தை விட்டு வெளியேறி, ஏழைகளிலும் ஏழைகளின் நடுவிலேயே வாழ்ந்து அவர்களுக்கு ஊழியம் செய்ய ஆண்டவர் தம்மை அழைப்பதை உணர்ந்தார்.

உடனே ஓடிப்போய்விடவில்லை. தம் ஆன்ம குருவாகிய வான் எக்செம் என்ற சேசு சபைக் குருவிடம் சொன்னார். பேராயர் பெரியே ஓராண்டுக்கு மேல் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். தெரேசா கீழ்ப்படிந்து காத்திருந்தார். ஆனால் கேட்பதையும் விடவில்லை. 1948-இல் உரோமையிலிருந்து அனுமதி கிடைத்தது. ஆகஸ்டு 17-ஆம் நாள், கல்கத்தாவின் ஏழைப் பெண்கள் உடுத்துவது போன்ற நீலக்கரை போட்ட மலிவு வெள்ளைச் சேலையை உடுத்தி, லொரேட்டோ மடத்தின் வாசலைக் கடந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு ஆக ஒன்பது நாட்கள் குறைவு.

வீடு தேடி அலைந்தவர்

முதலில் பாட்னா நகரில் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகளிடம் சில மாதம் தங்கி, ஊசி போடவும், புண் கட்டவும், பிரசவம் பார்க்கவும் கற்றுக்கொண்டார். தாமும் தம் சகோதரிகளும் சோறும் உப்பும் மட்டுமே உண்பது என்று அவர் எண்ணியிருந்தார். அப்படிச் செய்தால் நோயாளிகளாகி ஏழைகளுக்கே பாரமாவீர்கள் என்று அச்சகோதரிகள் அறிவுரை கூற, அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். அன்புக்கு அறிவும் துணை வேண்டும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

1948 டிசம்பர் 21-ஆம் நாள் மோதிஜீல் சேரிக்குள் நுழைந்தார். கட்டடம் இல்லை, பலகை இல்லை, நாற்காலி இல்லை. மரத்தடியில் ஒரு குச்சியால் தரையில் எழுத்துகளை எழுதிக் காட்டினார். ஒருசில பிள்ளைகள் வந்து உட்கார்ந்தனர். பள்ளி தொடங்கிவிட்டது!

ஆனால் அவருக்கே தங்க இடமில்லை. ஏழைகளின் சிறிய சகோதரிகள் நடத்திய முதியோர் இல்லத்தில் ஒண்டிக்கொண்டு, நாள்தோறும் வாடகைக்கு வீடு தேடினார். கையும் காலும் நோக, தெருத்தெருவாக ஏறி இறங்கினார். தலைசாய்க்கவும், உண்ணவும், நோய் தீரவும் இடம் தேடி அலையும் ஏழைகளின் உடம்பும் உள்ளமும் எப்படி நோகும் என்பது அன்றுதான் தமக்குப் புரிந்தது என்று தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். லொரேட்டோ மடத்தின் வசதி அவரைத் திரும்பி வா என்று அழைத்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதவு திறந்துவிடும். தனிமையில் அழுதார். ஆனால் திரும்பிப் போகவில்லை.

பங்கு மக்களே, அவரது வாழ்வில் திருப்பம் எங்கே என்று கேட்டால், அந்த இரயில் பயணத்தைப் பெரும்பாலோர் காட்டுவார்கள். நாமோ இந்த அலைச்சலைக் காட்ட விரும்புகிறோம். சென்னைத் தெருவில் மற்றவருடைய துன்பமாக அவர் பார்த்ததைக் கல்கத்தாத் தெருவில் தம் காலிலேயே உணர்ந்தார். பார்வையாளர் தோழியானது அங்கேதான்.

1949 பிப்ரவரி இறுதியில், கிரீக் லேன் 14-ஆம் எண் வீட்டின் மாடியை கோமஸ் என்ற கத்தோலிக்கக் குடும்பத்தார் அவருக்குத் திறந்துவிட்டார்கள். மார்ச் 19-ஆம் நாள், புனித சூசையப்பர் திருநாளன்று, அவரிடம் படித்த மாணவியாகிய சுபாஷிணி தாஸ் முதல் துணையாக வந்து சேர்ந்தார். அவரே பின்னர் சகோதரி ஆக்னஸ் ஆனார். 1950 அக்டோபர் 7-ஆம் நாள், செபமாலை அன்னையின் திருநாளில், அன்பின் பணியாளர் சபை முறைப்படி தொடங்கியது. கற்பு, வறுமை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளோடு, ஏழைகளிலும் ஏழைகளுக்கு முழுமனத்தோடு, இலவசமாக ஊழியம் செய்வது என்ற நான்காம் வார்த்தைப்பாட்டையும் அவர்கள் கொடுக்கிறார்கள். இவ்வளவும் நடந்தது ஒரு குடும்பம் தன் வீட்டு மாடியை விட்டுக்கொடுத்ததால்தான் என்பதை நம் குடும்பங்கள் மறவாதிருக்கட்டும்.

காளிகட்டத்து இல்லம்

தெருவில் சாகக் கிடந்தவர்களை அவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், பிழைக்க மாட்டார்கள் என்று இடம் தர மறுத்தார்கள். படுக்கை இல்லாத குறையும் இருந்தது. மனிதராய்ப் பிறந்தவர் நாயைப் போலத் தெருவில் சாவதா என்று மாநகராட்சியிடம் போய் ஓர் இடம் கேட்டார். காளி கோயிலை ஒட்டி, யாத்திரிகர் தங்கும் சத்திரம் ஒன்று இருந்தது. அதை மாநகராட்சி கொடுத்தது. 1952 ஆகஸ்டு 22-ஆம் நாள், அந்நாள் வழக்கப்படி மரியாளின் மாசற்ற இருதயத் திருநாளில், அங்கே இல்லம் திறந்தார். நிர்மல் ஹிருதய் என்று பெயர் வைத்தார். ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம். வரிசையாகத் தாழ்ந்த கட்டில்கள்.

எதிர்ப்பு வந்தது. மதம் மாற்ற வந்திருக்கிறார் என்று சொல்லிச் சிலர் கல்லெறிந்தார்கள். அவரை வெளியேற்ற வந்த காவல்துறை அதிகாரி உள்ளே போய், அவர் புழு வைத்த புண்ணைக் கழுவுவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். உங்கள் தாயும் தங்கையும் வந்து இந்த வேலையைச் செய்வதாயிருந்தால் இவரை அனுப்பிவிடுகிறேன் என்ற பொருள்பட அந்தக் கூட்டத்துக்குப் பதில் கூறினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்தக் கோயிலைச் சேர்ந்த பூசாரி ஒருவர் காசநோயால் எங்கும் இடமின்றி இருந்தபோது, அவரைத் தம் இல்லத்தில் ஏற்று, இறுதி வரை அன்னை பேணினார். அதன்பின் எதிர்ப்பு அடங்கியது.

நட்பு என்பதன் அடையாளத்தை நாம் இங்கே காணலாம். சகோதரிகள் ஒருவரைத் தூக்கி வந்தால் குளிப்பாட்டி, உடுத்தி, உணவூட்டி, அவர் பெயரைக் கேட்பார்கள். அவர் சமயத்தையும் கேட்பார்கள். இந்துவாயின் உதட்டில் கங்கைத் தண்ணீர், முஸ்லிமாயின் குரான் வாசகம், கிறிஸ்தவராயின் நோயில்பூசுதல். இறந்தபின் அவரவர் முறைப்படியே அடக்கமோ தகனமோ. நண்பன் நண்பனிடம் விலை கேட்பதில்லை. ஒரு கோப்பைக் கஞ்சிக்குப் பதிலாக ஒருவருடைய நம்பிக்கையைக் கேட்பது நட்பாகாது என்பதை அன்னை தெளிவாக அறிந்திருந்தார். அதே சமயம், தாம் யாருக்காக இதைச் செய்கிறோம் என்பதையும் அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. காலையில் நற்கருணையில் தாம் தொட்ட அதே இயேசுவைத்தான் பகலில் அந்தப் புண்ணுடம்பில் தொடுவதாக அவர் விசுவசித்தார். மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில், பசித்தோரிலும் அந்நியரிலும் ஆடையற்றோரிலும் தம்மையே காணும்படி ஆண்டவர் சொன்னதை அவர் சொல்லுக்குச் சொல் நம்பினார்.

மற்றொன்றும் உண்டு. ஏழைகளிடமிருந்து பெற்றுக்கொள்ளவும் அவர் அறிந்திருந்தார். கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் மறுபக்கம் என்றே இருந்துவிட்டால் அது தருமம், நட்பு ஆகாது. தெருவோரப் பிச்சைக்காரர் ஒருவர் அன்றைக்குத் தமக்குக் கிடைத்த சில்லறை முழுவதையும் அவரிடம் கொடுத்தபோது, வாங்கினால் அவர் பட்டினி, வாங்காவிட்டால் அவர் மனம் நோகும் என்று தயங்கி, பின் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அந்த மனிதரின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியைப் பின்பு ஊர் ஊராகச் சொல்லி வந்தார். பல நாள் பட்டினி கிடந்த இந்துக் குடும்பம் ஒன்றுக்கு அரிசி கொண்டுபோனபோது, அந்தத் தாய் பாதியை எடுத்துக்கொண்டு, பசித்திருந்த பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்குக் கொடுக்க ஓடினாள். அன்னை அன்று மேலும் அரிசி கொண்டுவர முயலவில்லை. பகிர்ந்து கொடுத்த அந்த மகிழ்ச்சியை அவர்கள் முழுமையாக அனுபவிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

புகழும் குறையும்

பணி பரவியது. 1955-இல் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு சிசு பவன் எழுந்தது. தொழுநோயாளருக்கு ஆசன்சோல் அருகே சாந்தி நகர் உருவானது. 1964-இல் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்த திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், தாம் பயன்படுத்திய காரை அன்னைக்குக் கொடுத்துச் சென்றார். அன்னை அதில் ஒருநாளும் ஏறிப் போகவில்லை. அதைப் பரிசுச் சீட்டில் வைத்துப் பணம் திரட்டித் தொழுநோயாளருக்கே செலவிட்டார். 1962-இல் பத்மஸ்ரீயும் மகசேசே விருதும், 1979-இல் நோபல் அமைதிப் பரிசும், 1980-இல் பாரத ரத்னாவும் வந்தன. நோபல் பரிசை வாங்கப் போனபோது, வழக்கமான விருந்தை நிறுத்தி அந்தப் பணத்தை ஏழைகளுக்குத் தரும்படி கேட்டுக்கொண்டார், அவ்வாறே செய்யப்பட்டது.

அவரைக் குறை கூறியவர்களும் உண்டு. அதை மறைப்பது வரலாறு எழுதுவோருக்கு அழகல்ல. 1994-இல் லான்செட் என்ற புகழ்பெற்ற ஆங்கில மருத்துவ இதழின் ஆசிரியர், காளிகட்டத்து இல்லத்தை நேரில் பார்த்துவிட்டு, நோயைச் சரியாக அறியும் முறை இல்லை, கடும் வலிக்குத் தக்க மருந்து இல்லை என்று எழுதினார். சுத்தத்தையும், புண் கவனிப்பையும், கனிவையும் அவரே பாராட்டியும் இருந்தார். வறுமையின் வேரைப் பிடுங்க அன்னை போராடவில்லை என்றும் சிலர் கூறினர். இக்குறைகளை நாம் பகைமையாகக் கொள்ள வேண்டியதில்லை. அன்போடு மருத்துவமும் சேர வேண்டும். கஞ்சியோடு நீதியும் சேர வேண்டும். ஆனால் மருத்துவமும் சட்டமும் வந்து சேரும்வரை, சாகக் கிடப்பவரின் கையை யார் பிடித்துக்கொள்வது? அந்தக் கேள்விக்கு அவர் தம் வாழ்நாளையே பதிலாகக் கொடுத்தார்.

உள்ளத்திலும் வீடற்றவர்

அவர் இறந்தபின் வெளிவந்த ஓர் உண்மை உலகையே வியப்பில் ஆழ்த்தியது. தம் ஆன்ம குருக்களுக்கு அவர் எழுதிய அந்தரங்கக் கடிதங்கள் 2007-இல் நூலாக வெளிவந்தன. பணியைத் தொடங்கிய காலத்திலிருந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், சிறிது காலம் நீங்கலாக, இறைவனின் பிரசன்னத்தை அவர் உணரவே இல்லை என்பது அவற்றால் தெரிந்தது. செபித்தார், பதில் இல்லை. இறைவனே தம்மை வேண்டாம் என்று தள்ளிவிட்டாரோ என்று உள்ளுக்குள் வாடினார். வெளியே புன்னகை, உள்ளே இருள். ஒருநாளும் திருப்பலியை விடவில்லை. ஒருநாளும் வேலையை விடவில்லை.

காலப்போக்கில் அந்த இருளின் பொருளை அவர் கண்டுகொண்டார். யாருக்கும் வேண்டாதவராய்த் தெருவில் கிடப்பவர்களின் மனவேதனையிலும், சிலுவையில் கைவிடப்பட்ட ஆண்டவரின் வேதனையிலும் தமக்குப் பங்கு கிடைத்திருப்பதாக ஏற்றுக்கொண்டார். பசியைவிட, நோயைவிட, யாருக்கும் வேண்டாதவராய் இருப்பதே பெரிய வறுமை என்று அவர் ஓயாமல் சொல்லி வந்தது, ஏதோ புத்தகத்தில் படித்ததன்று என்பது நமக்கு இப்போது விளங்குகிறது. நம்மில் யாருக்கேனும் செபம் வறண்டுபோய், விசுவாசம் தடுமாறும் வேளை வந்தால், அந்த வறட்சியோடே பிறர் வீட்டுக் கதவைத் தட்டிப் பணி செய்யலாம் என்பதற்கு அவரே சாட்சி.

திருத்தந்தையின் வாசலில்

அன்னையின் சகோதரிகள் 1965-இல் வெனிசுவேலாவில் தொடங்கி நாடு நாடாகச் சென்றார்கள். செல்வம் கொழிக்கும் நகரங்களிலும் நடைபாதையில் உறங்குவோர் உண்டு என்பதைக் கண்டார்கள். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், வத்திக்கான் மதிலை ஒட்டியே வீடற்றோருக்கு ஓர் இல்லம் அமைத்து, மரியாளின் கொடை என்று பெயரிட்டு, அதை அன்னையின் சகோதரிகளிடம் ஒப்படைத்தார். திருச்சபையின் தலைமைப்பீடமே தன் வாசலில் கிடந்தவர்களுக்கு இடம் கொடுத்தது.

1997 செப்டம்பர் 5-ஆம் நாள், 87-ஆம் வயதில், கல்கத்தாவில் அன்னை உயிர் நீத்தார். அப்போது அவர் சபையில் ஏறக்குறைய 4,000 சகோதரிகள், 123 நாடுகளில் 610 இல்லங்களில் பணி புரிந்தனர். காந்தியடிகளையும் நேருவையும் சுமந்த பீரங்கி வண்டியே செப்டம்பர் 13-இல் அவர் உடலையும் சுமந்தது. 2003 அக்டோபர் 19-இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2016 செப்டம்பர் 4-இல் திருத்தந்தை பிரான்சிசால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். அந்தப் புனிதர் பட்ட நாளில், இத்தாலியின் பல ஊர்களிலிருந்து அழைத்துவரப்பட்ட சுமார் 1,500 ஏழைகளுக்கும் வீடற்றோருக்கும் வத்திக்கானில் விருந்து படைக்கப்பட்டது. 1979-இல் நின்றுபோன விருந்து, உரியவர்களின் இலையில் வந்து சேர்ந்தது என்று சொல்லலாம் அன்றோ?

நமக்கு என்ன சொல்கிறார்?

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் வீடற்றோர் சுமார் 17.7 லட்சம் பேர். பெரிய நகரங்களில் லட்சம் மக்களுக்கு ஓர் இரவுக் காப்பகமாவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் அறிவுறுத்தியது. இவையெல்லாம் நமக்குத் தொலைவில் உள்ள செய்திகள் அல்ல. அரியாங்குப்பத்து ஆற்றுப் பாலத்தைக் கடந்து புதுச்சேரிக்குப் போனால் பேருந்து நிலையத்திலும், இரயில் நிலைய வாசலிலும் இரவைக் கழிப்போரைக் காணலாம். மேலும், வீடு இழப்பது என்ன என்பதை நம் பகுதி மக்கள் அறியாதவர்கள் அல்லர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கடலோரத்து மீனவக் குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. 2024 நவம்பர் 30-இல் வந்த பெஞ்சல் புயலும், அதை அடுத்து வந்த வெள்ளமும் பலரை முகாம்களில் தங்க வைத்தன. ஒரே இரவில் யாரும் வீடற்றவராகலாம்.

அன்னையைப் பின்பற்ற நாம் கல்கத்தா போக வேண்டியதில்லை. பெரிய இல்லம் கட்ட வேண்டியதும் இல்லை. அவர் முதலில் செய்தது, அருகே போய் உட்கார்ந்ததே. வின்சென்ட் தே பவுல் சபையாரோ, மரியாயின் சேனையாரோ, ஓர் அன்பியத்தாரோ, வாரம் ஒருமுறை இருவர் இருவராகப் போகலாம். பொட்டலத்தை நீட்டிவிட்டுத் திரும்பாமல், பெயரைக் கேட்டு, அடுத்த வாரமும் அதே பெயரைச் சொல்லி அழைக்கலாம். நோயுற்றவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய், சீட்டு வாங்கிக் கொடுத்துக் கூடவே இருக்கலாம். ஆதார் அட்டைக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு எழுதித் தரலாம். ஊருக்குத் திரும்ப விரும்புபவரின் உறவினரைத் தேடிப் பேசலாம். கொடுக்கும்போது படம் எடுக்காமல் இருக்கலாம். ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் யாத்திரிகருக்கு நம் சாலையில் தண்ணீர் கொடுக்கும் கைகள், ஊரே இல்லாமல் நடப்பவரையும் கண்டுகொள்ளலாம். விழா விருந்திலே அவர்களுக்குக் கடைசிப் பந்தியில் மிச்சத்தை வைக்காமல், நம்மோடு ஒரே வரிசையில் இலை போடலாம். டிரானா அம்மையாரின் மேசையில் அவர்கள் உறவினராகவே அமர்ந்தார்கள் என்பதை நினைவில் கொள்வோம்.

பெத்லகேமில் இடம் கிடைக்காமல் தொழுவத்தில் பிறந்தவரை, பணி வாழ்வில் தலைசாய்க்க இடமின்றி நடந்தவரை, இறந்தபின்னும் பிறர் கல்லறையில் அடக்கமானவரை நாம் ஆண்டவர் என்று வணங்குகிறோம். அவர் பெயரால் எழுந்த ஆலயத்தின் யூபிலியில், அவரைப் போலவே இடமின்றி இருப்போரில் ஒருவரேனும் நம் பங்கில் நண்பரைக் கண்டடைந்தால், லேவியர் நூலின் எக்காளம் நம் ஊரிலும் ஊதப்பட்டதாகும். புனித அன்னை தெரேசாவின் மன்றாட்டால் அந்த நட்பின் வரத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் குடும்பங்கள் அனைத்துக்கும் தந்தருள்வாராக!